விலை குறைத்து விற்கும் சமைத்த உணவும் வெயில் காலமும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், முதலமடை ஊராட்சியைச் சார்ந்தது கோவிந்தாபுரம். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டிற்குச் செல்லும் சாலை இவ்வழியே கேரளத்துள் புகுகின்றது. மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்ற இப்பகுதியில் தமிழ் பேசுவோர் பலர் வாழ்கின்றனர். அருகிலுள்ள நகரங்களின் பேரங்காடிகளில் சமைத்த உணவுகள் பொட்டலமாக விற்கப்படுகின்றன. மாலையிலோ, குறித்த நாள் முடியுந் தறுவாயிலோ அவற்றின் விலை குறைக்கப்படுவதுண்டு. நாள் முழுதும் உழைத்துத் திரும்பும் குடும்பத்திற்கு இது பெரிய வசதியே. ஆயினும், அப்பொட்டலம் பேருந்தில் ஏறி வீடு சேர்ந்து உண்ணப்படும் வரை என்ன நேர்கின்றது என்பதைக் களப் பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

விலைக் குறைப்பின் பொருள்

விலை குறைந்தமையால் மட்டும் உணவு கெட்டதாகாது. அதற்கு எஞ்சியுள்ள காலம் குறைவு என்பதே அதன் பொருள். உறையில் அச்சிட்ட கெடு நாளோ, உற்பத்தியாளர் குறித்த முறையில் உணவு வைக்கப்பட்டிருந்தால்தான் செல்லும். குளிரில் வைத்தற்குரிய உணவு வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால், உறையில் ‘நாளை வரை’ என்றிருப்பினும் அவ்வுறுதி பயனற்றுப் போகின்றது. கெடு நாள் கடந்த உணவை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது.

பெருக்கக் கணக்கு

நோய் விளைக்கும் பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்ப நிலையில் பெருகுகின்றன. 5 டிகிரிக்குக் கீழ் அவற்றின் வளர்ச்சி மிக மெதுவாகின்றது; 60 டிகிரிக்கு மேல் நின்று போகின்றது. நம் நாட்டுக் கோடைக் காற்றின் வெப்பமோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய் அவற்றிற்கு உகந்ததாக அமைந்துவிடுகின்றது. 2024 ஏப்ரல் மாத இறுதியில் பாலக்காட்டில் வெப்ப அலை நிலவுவதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்ததை இங்கு நினைவு கூரலாம்.

உகந்த சூழலில் ஒரு பாக்டீரியா ஏறத்தாழ 20 நிமிடங்களில் இரண்டாகப் பிரியும் எனக் கொள்வோம். தொடக்கத்தில் 100 இருந்தால், 1 மணியில் 800. 2 மணியில் 6,400. 3 மணியில் 51,200. 4 மணியில் 4,09,600 ஆகும். முதல் இரண்டு மணியில் கூடியது ஆறாயிரமே. அடுத்த இரண்டு மணியில் கூடியதோ நான்கு இலட்சம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணிக்கு மேல் வைக்கலாகாது என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துவதன் கருத்து இதுவே. வெப்பம் 32 டிகிரியைக் கடந்தால் 1 மணியே எல்லை என்பது அமெரிக்க நாட்டினர் கைக்கொள்ளும் விதி. நம் கோடைக்குப் பொருந்துவது இப்பிந்திய விதியே ஆகும்.

மீண்டும் சூடாக்கினால் போதுமா?

‘கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகும்’ என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது பாதி உண்மையே. நன்கு சூடாக்கினால் உயிருள்ள பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை இறக்கும். ஆனால் அவை முன்பே உணவில் விட்டுச் சென்ற நஞ்சு எல்லா வகையிலும் அழிவதில்லை. சோற்றில் வளரும் பாசில்லஸ் சீரியஸ் என்பதன் விதைகள் சமைக்கும் வெப்பத்தையும் தாங்குபவை. சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தி விளைக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு கொதி நிலையிலும் அழியாது. கையிலுள்ள புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவில் சேரும் ஸ்டஃபைலோகாக்கஸின் நஞ்சும் இத்தகையதே.

நாற்றமும் சுவையும் நம்பத்தக்க அளவுகோல் அல்ல. உணவை ஊசச் செய்யும் நுண்ணுயிர்கள் வேறு. நோய் தருவன பெரும்பாலும் வேறு. ஆதலின் மணமும் நிறமும் மாறாத உணவும் கேடு தரக்கூடும்.

அண்மைக்கால நிகழ்ச்சிகள்

2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்துச் செருவத்தூரில், கடையில் வாங்கிய ஷவர்மா உண்ட பலர் நோயுற்றனர். பள்ளி மாணவி ஒருவர் உயிரிழந்தார். நோயுற்றோரின் மாதிரிகளில் ஷிகெல்லா என்னும் பாக்டீரியா கண்டறியப்பட்டது. 2023 ஜனவரியில் கேரள அரசு, பொட்டல உணவின் மேல் அது தயாரிக்கப்பட்ட நாளும் நேரமும், எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்பதும் குறித்த சீட்டு ஒட்டப்பட வேண்டும் என ஆணையிட்டது. எளிதிற் கெடும் சூடான உணவுகளை 60 டிகிரி வெப்பத்தில் வைத்துக் காத்தல் வேண்டும் என்றும் அப்போது வலியுறுத்தப்பட்டது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸும் அவ்வாண்டே அங்குத் தடை செய்யப்பட்டது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக் காலத்திற்கு அத்தகைய தடையை விதித்தது.

மூவகைப் பொட்டலங்கள்

பேரங்காடியில் ‘சமைத்த உணவு’ என்ற ஒரே பெயரில் மூவகைப் பொருள்கள் உள்ளன. முதலாவது, காற்றுப் புகாத உறையிலிட்டு, ஏறத்தாழ 121 டிகிரி வெப்பத்தில் நுண்ணுயிர் நீக்கியது. உறை உப்பாமலும் கிழியாமலும் இருக்கும்வரை இதனை அறை வெப்பத்தில் வைக்கலாம். திறந்தபின் இதுவும் சாதாரண உணவே. இரண்டாவது, குளிர்ப் பெட்டியில் வைத்து விற்பது. இது வீடு சேரும்வரை குளிர் நீங்கலாகாது. மூன்றாவது, அன்றே சமைத்துச் சூடாக விற்பது; இது சூடு நீங்குமுன் உண்ணத் தக்கது. விலைக் குறைப்பால் இடர் மிகுவது பின்னிரண்டிலேயே.

நம் முன்னோர் வழிப் பயணத்திற்குப் புளிச்சோற்றைக் கட்டிச் சென்றமை இவ்விடத்து எண்ணத்தக்கது. புளியின் அமிலம் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. தேங்காய்ச் சட்டினி, பருப்பு, இறைச்சி, முட்டை, வெறுஞ்சோறு ஆகியவற்றிற்கு இக்காப்பு இல்லை.

குடும்பத்தாருக்குக் கூற வேண்டுவன

1. சமைத்த உணவைக் கடைசியாக வாங்குக. வாங்கியதும் நேரே வீடு செல்க.

2. குளிர்ந்த பொட்டலத்தைப் பனிக்கட்டியுடன், கனத்த பையில் எடுத்துச் செல்க. வழி நெடிதாயின் அதனை வாங்காமையே நலம்.

3. சூடான உணவாயின், சமைத்த நேரத்தைக் கடைக்காரரிடம் கேட்க. நேரம் கூறப்படாத உணவு எவ்வளவு மலிவாயினும் வேண்டா.

4. மீண்டும் சூடாக்கும்போது நடுப்பகுதியும் ஆவி பறக்கும்வரை சூடாக்குக. ஒரு முறைக்கு மேல் சூடாக்கற்க.

5. மிஞ்சியதை அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆற்றிக் குளிர்ப் பெட்டியில் வைக்க. அப்பெட்டி இல்லாத வீட்டில் ஒரு வேளைக்குரியதை மட்டுமே வாங்குக.

6. குழந்தைகள், கருவுற்ற மகளிர், முதியோர் ஆகியோருக்கு இவ்வுணவை அப்போதே சமைத்ததாயின் மட்டும் கொடுக்க.

வாந்தியும் பேதியும் கண்டால் உப்பு–சர்க்கரைக் கரைசலை உடனே ஊட்டத் தொடங்குக. இரத்தப் பேதி, கடுங்காய்ச்சல், சோர்வு ஆகியவை தோன்றின் தாமதியாது மருத்துவரிடம் செல்க. உணவின் உறையையும் மிஞ்சிய பகுதியையும் எறியாமல் வைத்து உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைத்தல், பிறர் நோயுறாமல் தடுக்க உதவும்.

வகுப்பறைச் செயல்முறை

சம அளவு வெந்நீரை ஆழ்ந்த குடத்திலும் அகன்ற தட்டிலும் ஊற்றி, 15 நிமிடத்திற்கு ஒரு முறை வெப்பமானியால் அளந்து கரும்பலகையில் எழுதுக. தட்டிலுள்ள நீர் 60 டிகிரிக்குக் கீழே விரைந்து இறங்கிச் செல்வதையும், குடத்து நீர் நெடுநேரம் வெதுவெதுப்பாகவே நிற்பதையும் மாணவர் தாமே காண்பர். அதன்பின் மேற்கூறிய பெருக்கக் கணக்கை அவர்களையே போடச் செய்க. இரண்டையும் சேர்த்துக் கண்ட மாணவன், வீட்டிற்கு வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பற்றி, ‘இது எப்போது சமைத்தது?’ என்று கேட்கக் கற்றுக்கொள்வான்.