நின்றால் குலுங்கும் மொரிஸ் மைனர்

கேள்வி: அப்பா வைத்திருந்த 1958 மொரிஸ் மைனர் 1000 ஓடும்போது நன்றாகத்தான் இருக்கிறது. நீதிமன்றத்தடி நெரிசலில் நின்றால் எஞ்சின் குலுங்கி, சிலவேளை அணைந்துவிடுகிறது. காபரேற்றரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?
– வாசகர், புதுக்கடை

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அந்த எஸ்.யூ. காபரேற்றர் எளிதில் சாகாது. முதலில் தீப்பொறியைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது காப்புள்ள இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. பொயின்ற் இடைவெளி 0.38 மில்லிமீற்றர், பிளக்குக்கு 0.64.

அடுத்தது காற்றுக் கசிவு. மெனிபோல்ட் கேஸ்கெட் ஓரங்களில் தண்ணீரைச் சிறிது பீச்சிப் பாருங்கள். ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். சிலர் பெற்றோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சினில் அது தீ வைப்பதற்குச் சமம், தயவுசெய்து வேண்டாம்.

இவையிரண்டும் சரியென்றால் மட்டும் காபரேற்றருக்கு வாருங்கள். எஞ்சின் சூடானதும் காபரேற்றரின் பக்கத்திலுள்ள சிறு ஊசியை மெல்ல உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே இருந்தால் பெற்றோல் அதிகம். அணையப் போனால் குறைவு. சற்றே கூடி அடங்கினால் கலவை சரி. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காபரேற்றருக்குள் உள்ள பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். ‘டக்’ என்று விழவேண்டும். தயங்கினால் கழற்றிப் பெற்றோலில் கழுவுங்கள், உப்புத்தாள் படவே கூடாது.

கேஸ்கெட் வேண்டுமானால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் உங்களுக்கு நடைதூரம்தானே. பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.