முதலில் பதிவு, பிறகு செக்கு

வங்கியில் முப்பது வருஷம் அடுத்தவர் கடன் கோப்பைப் புரட்டிப் புரட்டிக் கேள்வி கேட்டவன் நான். ஓய்வுபெற்று நிலத்துக்கு வந்து, சொந்தமாக மரச்செக்கு வாங்கியபோது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதில் போனது 36,000 ரூபாய். கடலையை எண்ணெயாக்கி விற்க நினைக்கும் உழவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

செக்கின் விலை 2 லட்சம். அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 36,000. "ஊருக்குள்ள விக்கிறதுக்கு எதுக்குப் பதிவு?" என்று அப்போது நான் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை. அது தப்பும் இல்லை. விளைந்ததை விளைந்தபடி விற்கும் உழவருக்குப் பதிவு வேண்டாம். எண்ணெயாக்கி விற்றாலும், தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை.

ஆறு மாசம் கழித்து பெங்களூரில் ஓர் இயற்கை அங்காடிக்காரர் மாதம் 200 லிட்டர் கேட்டார். வெளிமாநிலத்துக்கு எண்ணெய் விற்றால் தொகை எவ்வளவானாலும் பதிவு கட்டாயம். ஆடிட்டரிடம் போனேன். பில்லைப் பார்த்துவிட்டு, "செக்கு வாங்கறதுக்கு முன்னாடியே வந்திருக்கக் கூடாதா, சார்?" என்றார்.

விஷயம் இதுதான். பதிவு பெற்றவர் தொழிலுக்காக வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை, தான் விற்கும்போது கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். 200 லிட்டர், லிட்டர் 300 ரூபாய் என்றால் மாத விற்பனை 60,000. எண்ணெய்க்கு வரி 5 சதவீதம், 3,000 ரூபாய். செக்குக்குக் கட்டிய 36,000 வரவாக இருந்திருந்தால் 12 மாசத்துக்குக் கையிலிருந்து வரி கட்டியிருக்க வேண்டாம்.

புதிதாகப் பதிவு செய்பவர், முந்தைய நாள் கையிருப்பில் உள்ள மூலப்பொருளுக்கு வரவு கேட்கலாம். இயந்திரத்துக்குக் கேட்க முடியாது. நான் கோட்டைவிட்டது இங்கேதான்.

வரவு வேண்டுமென்றால் கவனிக்க வேண்டியவை:

1. பில்லில் நம் ஜிஎஸ்டி எண் இருக்கணும். துண்டுச்சீட்டு, கொட்டேஷன் செல்லாது.

2. விற்றவர் தன் கணக்கில் அந்த பில்லைக் காட்டியிருக்கணும். ஜிஎஸ்டி தளத்தில் நம் 2பி அறிக்கையில் அது வந்திருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள்.

3. விற்றவருக்கு 180 நாளுக்குள் முழுப் பணமும் கொடுத்துவிடணும். இல்லாவிட்டால் எடுத்த வரவை வட்டியோடு திருப்பணும்.

4. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் வரவைக் கேட்டுவிடணும்.

5. கொட்டகை கட்டிய சிமெண்ட், கம்பிக்கு வரவு கிடையாது. வரியில்லாத காய்கறிக்கு மட்டும் போட்ட சொட்டுநீர்க் குழாய்க்கும் கிடையாது.

6. வரி வரவு எடுத்த தொகையைச் செக்கின் விலையில் சேர்த்துத் தேய்மானம் காட்டக்கூடாது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் பதிவுக்கு ஓட வேண்டாம். பதிவு செய்த நாள் முதல் ஒவ்வொரு விற்பனைக்கும் வரி உண்டு; விற்பனையே இல்லாத மாசத்துக்கும் கணக்குத் தாக்கல் உண்டு; தாமதித்தால் அபராதம். ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு ஊர் வீடுகளுக்கே விற்பவருக்கு வரி மட்டும் 25,000 வரும். செக்கு வரவு ஒன்றரை வருஷத்தில் தீர்ந்துவிடும், வரி தொடரும். அவருக்குப் பதிவில்லாமல் இருப்பதே லாபம். இணக்க வரித் திட்டத்தில் 1 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் அதில் வரவும் கிடையாது, வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது.

ஆகவே செக்குக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அடுத்த ரெண்டு வருஷத்தில் யாருக்கு, எங்கே, எவ்வளவு விற்கப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வெளிமாநிலமோ பெரிய கடையோ அதில் இருந்தால், முதலில் பதிவு, பிறகு செக்கு.