வளர்ப்பு நாயைத் திருத்தும் வழி

நாய் நன்றியுள்ள பிராணி என்பதைத் தோட்டத்தில் வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாலிக் புலாவ் வட்டாரத்தில் டுரியான் உதிரும் காலத்தில் காவலுக்கென்றே நாய் வளர்ப்போர் உண்டு. ஆயினும் அதே நாய் வழிப்போக்கர் மீது பாய்ந்தாலும், மோட்டார் சைக்கிளைத் துரத்தினாலும், அண்டை வீட்டாரோடு பகையே மிஞ்சும். அவ்வேளையில் பலரும் பிரம்பையே நாடுகின்றனர். அதனால் பயன் உண்டா?

அடிபட்ட நாய் தன் தவற்றை உணர்வதில்லை. அடித்தவரைக் கண்டு அஞ்சவே கற்றுக்கொள்கிறது. அச்சங்கொண்ட நாய் எளிதில் கடிக்கும். காலையில் குதறிய செருப்பை மாலையில் காட்டி அடிப்பதும் வீணே. வாலை ஆட்டி வரவேற்றதற்காக அடி விழுந்தது என்றே அது கருதும்.

உணவுக்கு முன் ஓர் ஓசையைப் பலமுறை எழுப்பி வந்தால், பின்னர் அவ்வோசை கேட்டதுமே நாய்க்கு வாயூறும் என்பதை ரஷ்ய அறிஞர் பாவ்லவ் மெய்ப்பித்தார். அடுத்தடுத்து நிகழ்பவற்றை இணைத்தே நாய் பாடம் கற்கிறது. ஆகவே, நற்செயலைக் கண்ட ஓரிரு விநாடிகளுக்குள் பாராட்டும் ஒரு துண்டு உணவும் அளித்தல் வேண்டும்.

மேலே தாவும் நாயைக் கடியாமல், பேசாமல் திரும்பி நில்லுங்கள். நான்கு கால்களும் தரையில் பதிந்ததும் தட்டிக் கொடுங்கள். கோழியைத் துரத்தும் நாயைக் கயிற்றில் பிடித்துத் தொலைவில் நிறுத்துங்கள். பாயுமுன் பெயர் சொல்லி அழைத்து, திரும்பிப் பார்த்ததும் உணவு கொடுங்கள். நாளுக்கு நாள் தொலைவைக் குறையுங்கள். உண்ணும்போது உறுமும் நாயிடமிருந்து தட்டைப் பிடுங்காதீர்கள். குழந்தைகளையும் அருகில் விடாதீர்கள்.

ஓயாது குரைக்கும் நாய்க்குப் பெரும்பாலும் சலிப்பே காரணம். அதிகாலையில் பால் வெட்டச் செல்வோர் திரும்பும்வரை சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு நிழலும் நீரும், மாலையில் சிறிது நடையும் தேவை. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே முறையைக் கையாளுதல் முக்கியம். தந்தை தடுப்பதைப் பிள்ளை அனுமதித்தால் பாடம் பதியாது.

சாதுவான நாய் திடீரெனச் சீறினால், அதற்கு நோவோ நோயோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 2012 இல் வெறிநாய்க்கடி நோயற்றதாக அறிவிக்கப்பட்ட நம் நாட்டில், 2015 இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் மீண்டும் தோன்றியது. 2017 இல் சரவாக்கில் உயிர்களையும் பறித்தது. ஆகவே தடுப்பூசியும் ஊராட்சி மன்ற உரிமமும் அவசியம். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நாயைக் கொடுமையாக அடிப்பது 2015 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி குற்றமாகும். 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டத்திற்கு அஞ்சி மட்டுமன்று, நம் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதியும் பிரம்பைக் கீழே வைப்போம். பொறுமையோடு பழக்கிய நாயே வீட்டுக்கு நற்காவல்.