ஸ்வெட்டர் பொத்தானும் சிங்காரா மின்சாரமும்

நீலகிரி மலையில், ஊட்டிப் பக்கத்துக் கிளென்மார்கனின் விடியற்குளிரில் பெரியவர்களுக்கே விரல் விறைத்துப்போகும். அந்த நேரத்தில் நான்கு வயதுக் குழந்தை ஸ்வெட்டர் பொத்தானைத் தானே போடுவேன் என்று நின்றால், கொழுந்து பறிக்கக் கிளம்பும் அம்மாவின் கை தானாக நீளும். "விடு கண்ணு, நான் போட்டுவிடறேன், நேரமாச்சு." மாண்டிசோரி முறை பெற்றோரிடம் முதலில் கேட்பது, அப்படி நீளும் கையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கும்படிதான்.

இந்தக் கல்வி வசதியானவர்களுக்கே உரியது என்ற எண்ணம் இங்கே ஆழமாக ஊன்றியிருக்கிறது. ஆனால் அது பிறந்த இடம் வேறு. 1907 ஜனவரி 6 அன்று, ரோம் நகரின் சான் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில் டாக்டர் மரியா மாண்டிசோரி முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் தொடங்கினார். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, பகலெல்லாம் கவனிப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளுக்காக ஏற்பட்ட இடம் அது. நம் தேயிலைத் தோட்டங்களில் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தொடங்கப்பட்ட குழந்தைக் காப்பகங்களின் தேவையும் இதேதான்.

மாண்டிசோரி தமிழ்நாட்டுக்கு வந்தது 1939-இல். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பில் அங்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மறு ஆண்டு இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசின் கட்டுப்பாட்டால் ஊர் திரும்ப முடியவில்லை. பிறகு 1942 முதல் சுமார் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான 'அண்டக் கல்வி' அந்த மலையில்தான் வடிவம் பெற்றது. செடி, மண், நீர், மனித உழைப்பு எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் பிள்ளைக்குக் காட்டுவது அதன் சாரம். உலகம் முழுக்க மாண்டிசோரி பள்ளிகளில் இன்றும் நடக்கும் பாடம் இது.

கிளென்மார்கன் பிள்ளைக்கு இதற்குப் படம்கூட வேண்டாம். சோலைக்காட்டில் பெய்யும் மழை அணைக்கு வருகிறது. அணைத் தண்ணீர் குழாய் வழியே செங்குத்தாக இறங்கி சிங்காரா மின் நிலையத்தின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. வீட்டு பல்புக்கு வரும் மின்சாரம் இப்படித்தான் பிறக்கிறது. கேள்வி கேட்கும் குழந்தையை அணைப் பக்கம் ஒருமுறை கைபிடித்துக் கூட்டிப் போனால், ஓர் அத்தியாயமே முடிந்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் எளிதுதான். ஸ்வெட்டர் மாட்டும் ஆணியைக் குழந்தையின் தோள் உயரத்துக்கு இறக்கி அடிக்கலாம். பட்டாணி உரிக்கவும், சின்னச் சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றவும் விடலாம். சிந்தினால் துடைக்கத் துணியையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் வாங்கும் உப்புத்தாளில் 'அ'வை வெட்டி அட்டையில் ஒட்டிக்கொடுத்தால், விரல் தடவித் தடவியே எழுத்தின் வளைவு பழகும். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய தாத்தாக்களுக்கு இது புதிதாக இருக்காது. என் அனுபவத்தில் பாதிப் பெற்றோர் கைவிடுவது முதல் வாரத்திலேயே. பொத்தான் போட நேரமாகிறதே என்ற தவிப்புதான் காரணம். இரவிலேயே உடைகளை எடுத்து வைத்து, காலையில் பத்து நிமிடம் முன்னதாக எழுப்பினால் அந்தத் தவிப்பு அடங்கும். இரண்டு மூன்று வாரத்தில் காலைச் சண்டை குறையும். குடும்பத்துக்குக் கிடைக்கும் முதல் லாபம் அதுதான்.

மாண்டிசோரி முறைக்கு ஆய்வின் துணையும் உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் குலுக்கல் முறையில் மாண்டிசோரி பள்ளியில் இடம் கிடைத்த குழந்தைகளையும், கிடைக்காதவர்களையும் ஆய்வாளர் ஏஞ்சலின் லில்லார்ட் குழுவினர் ஒப்பிட்டனர். மொத்தம் 141 குழந்தைகள். 2017-இல் வெளியான முடிவின்படி, மாண்டிசோரி பிள்ளைகள் படிப்பில் முந்தினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடையே வழக்கமாகத் தெரியும் இடைவெளியும் அவர்களிடையே குறைந்திருந்தது. தோட்டத்துப் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி இந்த இரண்டாவதுதான்.

ஊட்டியில் பள்ளி தேடும்போது பெயர்ப்பலகையை மட்டும் நம்ப வேண்டாம். மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வகுப்பு நடக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். மூன்று முதல் ஆறு வயது வரை ஒரே அறையில் இருக்கிறார்களா? பொருட்கள் குழந்தைக்கு எட்டும் அலமாரியில் இருக்கின்றனவா, அல்லது கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்களா? மணி அடிக்காமல், இடையில் கலைக்காமல் காலையில் எவ்வளவு நேரம் வேலை செய்ய விடுகிறார்கள் என்பதையும் ஆசிரியரிடம் கேளுங்கள். முறையான மாண்டிசோரி வகுப்பில் அது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்.