ட்வென்டி ஃபிஃப்டியே போதும், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு மாமா எழுதுவது.

நீயும் யாழினியும் நன்றாக இருப்பதாக அக்கா சொன்னாள். நீ அனுப்பிய கார் படங்களை ஆச்சிக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். “இது நம்ம ஹெரால்டு மூஞ்சில்லா?” என்றாள். தாத்தாவின் பழைய காரைத்தான் சொல்கிறாள், அதில் தப்பில்லை. ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதை வரைந்த அதே மிக்கெலொட்டி உடம்பு வரைந்து 1962-இல் வெளிவந்ததுதான் ஸ்பிட்ஃபயர். பானெட் மொத்தமும் முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். உன்னுடையது 1978 மாடல், 1500 இன்ஜின். கவன்ட்ரியில், கான்லி ஃபாக்டரியில் செய்த வண்டியை அதே ஊரில் குடியிருந்துகொண்டு நீ வாங்கியிருக்கிறாய் என்பதை இங்கே தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆனால் கடைசிப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. காரேஜ் தரையில் இரண்டு டப்பா இருக்கிறது. ஒன்று 5டபிள்யூ-30, ஃபுல் சிந்தெட்டிக். பக்கத்தில் ஒரு இன்ஜின் ஃப்ளஷ் டின். கூட வேலை பார்ப்பவர் இதுதான் பெஸ்ட் என்கிறார், ஊற்றலாமா மாமா என்று கேட்டிருக்கிறாய். ஜூன் மாதம் யாழினியைக் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்து வரை போகப்போவதாக அக்காவும் சொன்னாள். எம்6 சாலையில் ஷாப் மேடு ஏறும்போது, மழையில், லாரிகளுக்கு நடுவே அந்தச் சின்ன வண்டி நின்றுவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்வீர்கள்? ஃபோனில் சொன்னால் சரி மாமா, சரி மாமா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டி உன்னுடையது, காசும் உன்னுடையது. எதை ஊற்றுவது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். உன் இன்ஜினுக்கு 20டபிள்யூ-50தான் சரி என்பது என் எண்ணம், ஏன் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன்.

அந்த 5-30 மட்டமான எண்ணெய் இல்லை. யாழினி ஆபீஸுக்கு ஓட்டிப்போகும் வண்டிக்கு அது தங்கமான எண்ணெய். உன் ஸ்பிட்ஃபயர் இன்ஜினின் வயசு வேறு. 1953-இல் ஸ்டாண்டர்ட் எய்ட் காருக்காக 803 சிசி-யில் பிறந்த இன்ஜின் அது. அதையே பெரிதாக்கி ஹெரால்டுக்கு 948 ஆக்கினார்கள், பிறகு 1147, 1296, கடைசியில் உன்னுடைய 1493. நான் வேலை பார்த்த வண்டலூர் ஃபாக்டரியில் நாங்கள் கெஸல் காருக்குப் பூட்டியது அதே 948தான். போர் 63 மில்லி, ஸ்ட்ரோக் 76. உன்னுடையதில் ஸ்ட்ரோக் 87.5 மில்லி. இவ்வளவு நீள ஸ்ட்ரோக் உள்ள கிராங்கைத் தாங்குவதற்கு மூன்றே மூன்று மெயின் பேரிங்தான். ஓவர்டிரைவ் இல்லாமல் 70 மைல் வேகத்தில் போனால் அது நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 4,000 சுற்று சுற்றும். கிராங்குக்கும் பேரிங் ஷெல்லுக்கும் நடுவே இருப்பது ஒன்றிரண்டு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளி. ஓடித் தேய்ந்த இன்ஜினில் இன்னும் கொஞ்சம் கூட இருக்கும். அந்த இடைவெளியில் நின்று இரும்பை இரும்பு தொடாமல் பார்த்துக்கொள்வது எண்ணெய் ஒன்றுதான்.

சூடான இன்ஜினில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைத்தான் டப்பாவில் உள்ள இரண்டாவது எண் சொல்கிறது. 100 டிகிரி செல்சியஸில் 30 என்றால் 9.3 முதல் 12.5 செண்டிஸ்டோக் வரை. 50 என்றால் 16.3-இல் ஆரம்பித்து 21.9 வரை. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. புது வண்டிகளின் இடைவெளி சின்னது, பம்ப்பும் வேறு மாதிரி. பெட்ரோல் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காக அவற்றுக்கு மெல்லிய எண்ணெய் வைத்தார்கள். உன் இன்ஜினில் அதை ஊற்றினால் சூடேறியதும் பிரஷர் இறங்கும், சம்ப் ஓரத்திலும் டைமிங் கவரிலும் கசியும். முதல் எண் குளிருக்கு. 20டபிள்யூ-வை மைனஸ் 15 டிகிரியில் சோதிப்பார்கள். கவன்ட்ரியில் அவ்வளவு குளிர் வருவது அபூர்வம், வந்தாலும் அந்த நாளில் நீ அந்த வண்டியை எடுக்கப்போவதில்லை.

இன்னொரு விஷயத்தைப் பல பேர் கவனிப்பதில்லை. உன் இன்ஜினில் கேம் ஷாஃப்டின் மூக்கு டேப்பட்டின் தட்டையான முகத்தில் நேராக உரசி ஓடுகிறது, நடுவே உருளை கிடையாது. அந்த உரசலைத் தாங்குவதற்கு எண்ணெயில் ஜிங்கும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கலவை போடுவார்கள், ஜெட்டிடிபி என்று பெயர். சூட்டிலும் அழுத்தத்திலும் அது கேம் மேல் மெல்லிய பூச்சாகப் படியும். ஆனால் பாஸ்பரஸ் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், புது வண்டிகளுக்கான எண்ணெயில் அதைக் குறைத்துவிட்டார்கள். உன் டப்பாவின் முதுகைத் திருப்பிப் பார். ஏசிஇஏ சி3 என்று போட்டிருந்தால் அதில் பாஸ்பரஸ் 0.09 சதவீதத்தைத் தாண்டாது. உன் கேமுக்கு 0.1 முதல் 0.14 வரை இருந்தால் நிம்மதி. உன் வண்டியில் கன்வெர்ட்டரே கிடையாது. இல்லாத ஒன்றைக் காப்பாற்ற எதற்காக உன் கேமைத் தேயவிட வேண்டும்? ஜிங்க்தானே வேண்டும் என்று தனி பாட்டில் வாங்கி ஊற்றிவிடவும் கூடாது. அளவு மிஞ்சினால் கேம் மூக்கு பொரிந்து உதிரும்.

ஃப்ளஷ் டின்னுக்கு வருகிறேன். இதைப் படிக்கும்போது அப்பா பக்கத்தில் இருந்தால் வாய்விட்டுப் படிக்காதே.

உன் சித்தி கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனபோது தாத்தாவின் ஹெரால்டுக்கு என்ன ஆயிற்று என்று உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். வண்டி வழியில் நின்றுவிட்டது, பழைய வண்டிதானே என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அது பழசானதால் நிற்கவில்லை. புறப்படுவதற்கு முன்னால் ஆயிலை மட்டும் மாற்றுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம் என்று நான் மெட்ராஸிலிருந்து கடிதம் போட்டிருந்தேன். அத்தான், உன் அப்பாதான், வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். அங்கிருந்த மெக்கானிக் “உள்ளே ஒரே மசி, கழுவி விட்டாத்தான் சார் வண்டி பறக்கும்” என்றிருக்கிறான். பழைய எண்ணெயை இறக்கி, மண்ணெண்ணெய் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டு வடித்தான். அதன் மேல் மெல்லிய எண்ணெய், அதற்கும் மேல் ஏதோ ஒரு டின் மருந்து. தூர்ந்த கிணற்றைக் கலக்கிவிட்டு உடனே குடிதண்ணீர் இறைத்த மாதிரி ஆயிற்று. வருஷக்கணக்கில் சம்ப் அடியில் அசையாமல் கிடந்த மசியெல்லாம் பெயர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொண்டது. வடியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் புது எண்ணெயை மேலும் நீர்க்கச் செய்தது. நாங்குநேரி தாண்டும்போதே ஆயில் விளக்கு மினுக்கியிருக்கிறது. வள்ளியூரில் நிறுத்திப் பார்த்திருக்கலாம். முகூர்த்தப் பட்டெல்லாம் வண்டியில் இருந்ததால் நிறுத்தவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றிலும் காதில் விழும்படி பிக்-எண்ட் அடிக்க ஆரம்பித்து, அதோடு நின்றது.

கல்யாணம் முடிந்த மறுநாள் நான்தான் சம்ப்பை இறக்கினேன். வலை முழுக்கக் கறுப்புப் பசை. மூன்றாவது சிலிண்டரின் பேரிங் ஷெல்லைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தேன். மேலே சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்க வேண்டிய பூச்சு எதுவும் இல்லை, அடியிலிருக்கும் செம்பு பளிச்சென்று தெரிந்தது. ஓரம் விரலை அறுத்தது. கிராங்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள். அப்போதும்கூட அந்த இன்ஜினைக் காப்பாற்றியிருக்கலாம். கிராங்கைக் கிரைண்டிங் கொடுத்து, அண்டர்சைஸ் ஷெல் போட்டிருந்தால் தாத்தாவின் வண்டி இன்றைக்கும் ஓடும். லீவு போட்டு வருகிறேன், பொறுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். நான் திரும்பி வருவதற்குள் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தான் எனக்குச் செய்த நல்லது எவ்வளவோ உண்டு, ஆனால் இந்த ஒரு விஷயம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஸ்டியரிங் வீல் மட்டும் ஆச்சி எடுத்து வைத்திருந்தாள். அது இப்போது என்னிடம் இருக்கிறது.

அதனால்தான் அந்த டின்னைப் பார்த்ததும் எனக்குப் பதறியது. கடையில் திருப்பி எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடு, எடுக்காவிட்டால் யாருக்காவது கொடு, உன் காரேஜில் வைக்காதே. முந்தின சொந்தக்காரர் இன்ஜினை எப்போதாவது பிரித்துச் செய்தாரா என்று பில்களைத் தேடிப் பார். இல்லை என்றால் உள்ளே மசி இருக்கும் என்றே வைத்துக்கொள். நல்ல எண்ணெயை ஊற்றி, சீக்கிரம் சீக்கிரம் மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுத்தம் செய்ய வேண்டும். முதல் முறை ஐந்நூறு மைலிலேயே வடித்துவிடு. அதற்குப் பிறகு மூவாயிரம் மைலுக்கு ஒரு தடவை. வண்டி அவ்வளவு ஓடாவிட்டாலும் வருஷம் ஒரு தடவை, அதையும் குளிர்காலத்துக்கு மூடிவைப்பதற்கு முன்னால் செய். ஓடிய எண்ணெயில் அமிலமும் ஈரமும் இருக்கும், அதோடு நாலைந்து மாதம் நின்றால் பேரிங்கை அரிக்கும். இவ்வளவு பேசுகிற நான் எண்ணெயின் பிராண்டைப் பெரிய விஷயமாக நினைக்கிறவன் இல்லை. காஸ்ட்ரோல் கிளாசிக் எக்ஸ்எல் 20-50 அங்கே கிடைக்கும், வால்வோலின் விஆர்1 20-50 கிடைக்கும். இரண்டில் எது அகப்படுகிறதோ அதை வாங்கு. சிந்தெட்டிக் என்பதற்காக மட்டும் நான் எதையும் ஒதுக்கவில்லை. கெட்டியும் ஜிங்கும் சரியாக இருந்தால் போதும். நாலரை லிட்டர் பிடிக்கும், டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து ஊற்று.

ஃபில்டரில் கஞ்சத்தனம் பார்க்காதே. உன் இன்ஜினில் அது படுக்கை வசத்தில் மாட்டியிருக்கும். உள்ளே எண்ணெயைத் திரும்ப வடியவிடாத வால்வு இல்லாத மலிவு ஃபில்டர் போட்டால், ராத்திரி முழுக்க வடிந்துபோய்க் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அடியில் கடகடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்கிற ஒவ்வொரு காலையிலும் பேரிங் கொஞ்சம் போகிறது என்று அர்த்தம்.

உன் டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டர் கிடையாது, விளக்கு மட்டும்தான். அது எரியும் நேரத்தில் பிரஷர் போயே போயிருக்கும். ஸ்காட்லாந்து போவதற்கு முன் ஒரு மீட்டர் வைத்துக்கொள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு 2,000 சுற்றில் 40 முதல் 60 பவுண்டு காட்ட வேண்டும். 20-50 ஊற்றியும் நாற்பதுக்குக் கீழே நின்றால் எண்ணெயால் ஒன்றும் ஆகாது, ஷெல்லைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். அப்போது பயணத்தைத் தள்ளிப்போடு. யாழினி கோபித்துக்கொண்டால் என்னிடம் ஃபோனைக் கொடு, நான் பேசுகிறேன்.

இன்னொரு சோதனையை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய். யாழினியை உட்கார வைத்து கிளட்ச்சை மிதிக்கச் சொல். நீ முன்னால் நின்று கிராங்க் புல்லியைக் கவனி. மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னே வந்தால், பின் மெயின் பேரிங்கில் உள்ள த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இந்த இன்ஜின்களுக்குப் பிறவியிலேயே உள்ள பலவீனம் அது. கவனிக்காமல் விட்டால் வாஷர் கழன்று சம்ப்பில் விழும், பிறகு கிராங்க் பிளாக்கையே தின்றுவிடும். ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் சம்ப்பை இறக்கி மாற்றிவிடலாம், அதிகச் செலவில்லை. கியர்பாக்ஸில் ஜிஎல்-4 எண்ணெய்தான், ஜிஎல்-5 கொடுத்தால் வாங்காதே. அதில் உள்ள கந்தகம் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது.

நிறையச் சொல்லிவிட்டேன். உனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்து எழுதவில்லை, மாப்பிள்ளை. நம் குடும்பத்துப் பிள்ளைகளில் கையில் கிரீஸ் படுவதற்குக் கூச்சப்படாதவன் நீ ஒருவன்தான். ஐந்து வயசில் என் டூல்பாக்ஸைக் கவிழ்த்துப் போட்டு ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கினாய், அன்றைக்கே இதை அத்தையிடம் சொன்னேன். உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய், நீ செய்தால் சரியாகத்தான் இருக்கும். மீட்டருக்கும் ஃபில்டருக்கும் காசு நான் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. அடுத்த மாதம் அக்கா வரும்போது அத்தை மனோகரமும் சுண்டைக்காய் வத்தலும் கொடுத்து விடுகிறாள். ஆச்சிக்கு அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்க வேண்டுமாம், ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. யாழினிக்கு எங்கள் அன்பைச் சொல்.

ஆசிகளுடன்,
மாமா