சம்பந்தியோடு முதல் ரவுண்டு

கேள்வி: என் சம்பந்தி கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர். அடுத்த மாதம் ஒரு ரவுண்டு ஆடலாம் வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். சென்னையில் பயிற்சித் திடலில் பந்தடித்துப் பழகியதோடு சரி, மைதானத்தில் இறங்கி ஆடியதே இல்லை. அவர் முன்னால் மானம் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது. போதாக்குறைக்கு அங்கே காட்டுமாடு வேறு திரியுமாம். என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: மோசமாக ஆடுவதற்காக உங்களை யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. மெதுவாக ஆடினால்தான் வம்பு. நாலு பேர் 18 ஹோல் ஆடி முடிக்கவே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பின்னால் இன்னொரு கோஷ்டி காத்து நிற்கும். உங்கள் முறை வந்தபின் 40 விநாடிக்குள் அடித்துவிடுவது நல்லது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. பந்தை நோக்கி நடக்கும்போதே எந்த மட்டை என்று முடிவு செய்துவிடுங்கள். ஒத்திகை வீச்சு ஒன்று போதும்.

பந்து தொலைந்தால் தேட 3 நிமிடம்தான். 2019-க்கு முன் 5 நிமிடம் இருந்தது. காட்டுப் பக்கம் போனதுபோலத் தோன்றினால், அந்த இடத்தை விட்டு நகரும் முன்பே ‘புரொவிஷனல்’ என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடித்துவிடுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே உங்கள் ஆட்டப் பந்தாகிவிடும், தண்டனையோடு.

ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடலாமா என்று சம்பந்தியிடம் கேட்டுப் பாருங்கள். 1932-ல் இங்கிலாந்தின் வாலசியில் முதன்முதலாகப் போட்டியாக ஆடப்பட்ட முறை இது. ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி. சொதப்பிய ஹோலுக்குப் பூஜ்யம், அவ்வளவுதான், பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். மானத்தைக் காக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

டிரைவர் மட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாலும் தப்பில்லை. 14 மட்டை வரை கொண்டுபோகலாம் என்பது அனுமதி, கட்டளை அல்ல. 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கிளப் 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு, பந்து கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும். ஆனால் தரை ஏறி இறங்குவதால் கண்ணை நம்ப முடியாது. மட்டைப் பையைத் தூக்கிவரும் கேடி சொல்கிற மட்டையை எடுங்கள். கிரீனின் சரிவு விஷயத்திலும் அவர் பேச்சே வேதம்.

கிரீனில் அடுத்தவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே கால் வைக்காதீர்கள், நிழலும் விழ வேண்டாம். பந்து விழுந்து பள்ளமானால் சின்ன முள்கரண்டியால் ஓரத்துப் புல்லை நடுப்பக்கமாகத் தள்ளிவிட்டு, பட்டரால் மெல்லத் தட்டுங்கள். அடியில் குத்தி நெம்பினால் வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துவிடும். பழைய ஆட்டக்காரர்களே இதைத் தப்பாகச் செய்கிறார்கள்.

இனி காட்டுமாடு. அது வருவது உண்மைதான். உங்கள் பந்துக்குப் பக்கத்தில் நின்றால் வீரம் காட்ட வேண்டாம். ஆபத்தான விலங்கு என்று விதி 16.2-ன்படி தண்டனையில்லாமல் பாதுகாப்பான இடத்தில் பந்தைப் போட்டு ஆடலாம். நின்றிருந்த பந்தை அது உதைத்துத் தள்ளினால் பழைய இடத்திலேயே வையுங்கள். ஃபேர்வேயில் நீங்கள் அடித்த பந்து ஓடிப்போய் அதன்மேல் பட்டால் விழுந்த இடத்திலிருந்துதான் ஆட்டம். சாணத்தைத் தள்ளிவிடலாம். குளம்புத் தடம் கிரீனில் இருந்தால் சரிசெய்யலாம்; ஃபேர்வேயில் பந்து அதற்குள் விழுந்தால் சலுகை கிடையாது, அப்படியே அடிக்க வேண்டும். இதைச் சம்பந்தியிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

காலர் வைத்த சட்டை, மழைக்கு ஒரு மேலங்கி. ஜீன்ஸ் வேண்டாம். கேடி கூலி எவ்வளவு என்பதை முதலிலேயே விசாரித்துச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பந்து ஒரு டஜனாவது வேண்டும், பழையதே போதும்.