மூச்சிரைப்பைத் தணிக்கும் பயிற்சிகள்

பாரோய் வட்டாரத்து மேட்டு நிலங்களில் பால் வெட்டச் செல்வோருள் சிலர், நிரையின் பாதியைக் கடக்குமுன்பே மூச்சிரைத்து நின்றுவிடுகின்றனர். “வயதாகிவிட்டது” எனத் தம்மைத் தாமே தேற்றிக்கொள்கின்றனர். ஆனால், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இருமல், சளி, மூச்சிரைப்பு ஆகியவை முதுமையின் அடையாளங்கள் அல்ல. நாட்பட்ட நுரையீரல் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம்.

இந்நோய்க்குச் சிகரெட், பீடிப் புகையே முதற்காரணம். விறகடுப்புப் புகையும், முன்பு வந்த காசநோய் விட்டுச்சென்ற தழும்பும் நுரையீரலைக் கெடுக்கும். மூச்சுக்குழாய்கள் குறுகுவதால், உள்ளே சென்ற காற்று முழுமையாக வெளியேறுவதில்லை. பழைய காற்று தேங்கி நிற்கும்போது புதிய காற்றுக்கு இடமேது? ஆகவே, மூச்சை நன்கு வெளிவிடக் கற்பதே முதற்பாடம்.

1. உதடு குவித்தல்: தோள்களைத் தளர்த்தி அமருங்கள். வாயை மூடி, இரண்டு எண்ணும் வரை மூக்கின் வழியாக மூச்சை இழுங்கள். பின்பு, விளக்கின் சுடரை அணைக்காமல் அசைப்பதுபோல் உதடுகளைக் குவித்து, நான்கு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். பலமாக ஊதலாகாது.

2. வயிற்று மூச்சு: ஒரு கையை மார்பிலும் மறு கையை வயிற்றிலும் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு உயரவேண்டும். மார்பு அதிகம் அசையலாகாது. ஓய்வாக இருக்கும் வேளையில், நாள்தோறும் மூன்று முறை, ஐந்து நிமிடம் பழகுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

3. வேலையின்போது: பால் வாளியைத் தூக்குமுன் மூச்சை இழுத்து, தூக்கும்போது வெளிவிடுங்கள். மேட்டில் ஏறும்போதும் மூச்சை அடக்கலாகாது. இரைப்பு மிகுந்தால், முழங்கைகளை மரத்தின்மீது ஊன்றிச் சற்றே முன்சாய்ந்து நின்று, உதடு குவித்து மூச்சு விடுங்கள்.

இப்பயிற்சிகள் இரைப்பைத் தணிக்கும். நோயை அறவே நீக்கமாட்டா. மருத்துவர் தந்த மருந்தை இவற்றை நம்பி நிறுத்திவிடக் கூடாது. புகைப்பதைக் கைவிடுவதே தலையாய மருந்து. இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால், அரசாங்க மருந்தகத்தில் சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மருந்தகத்தார் எழுதிக் கொடுத்தால், சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்காதீர்கள். பேச இயலாதவாறு திணறினாலோ, உதடுகள் நீலம் பாய்ந்தாலோ, உடனே 999 எண்ணை அழையுங்கள்.

இன்று மாலையே வீட்டு வாசலில் அமர்ந்து பயிற்சியைத் தொடங்குங்கள். வீட்டிலுள்ள முதியோருக்கும் கற்றுக்கொடுங்கள்.